மாதத்துக்கு ஒரு டின் அரிசி

விழுப்புரம் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. மூட்டையைத் தராசில் ஏற்றுவதற்கு முன்னாலேயே அதன் ஒரு மூலையைப் பிடித்து அசைத்துப் பார்த்து, "இதுல ஒரு வீசை கொறையுது" என்று சொல்லிவிடுவேன். ஏற்றிப் பார்த்தால் சரியாக ஒரு வீசை குறையும். வீசை போய்க் கிலோ வந்தபோது மற்ற குமாஸ்தாக்கள் மாதக்கணக்கில் தடுமாறினார்கள். எனக்கு ஒரு வாரம்தான் பிடித்தது. முதலாளி வெளியூர் வியாபாரிகளிடம் என்னைக் காட்டி, "இவன் கண்ணே தராசுங்க" என்பார். நான் அடக்கமானவன்போலச் சிரித்துக்கொள்வேன்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, என் வீட்டுச் சோற்றுப்பானைக்குள் இரண்டு வருஷம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஒலக்கூர் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். ஏரிப்பாசனத்தில் கொஞ்சம் நெல்லும் மேட்டில் மல்லாட்டையும் கேப்பையும் விளையும். அப்பா போனபிறகு பெரிய அண்ணன்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டான். நான், எனக்கு மேல் இரண்டு அண்ணன்கள், சித்தப்பா, அவர் பிள்ளைகள் என்று எட்டு ஆண்பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். வயிறு நிறையும்வரை "போடு" என்போம். நிறைந்ததும் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விடுவோம். பானையில் எவ்வளவு மிச்சம் என்று ஆண்பிள்ளை கேட்பது எங்கள் பக்கத்தில் கௌரவக் குறைச்சல். "இல்லை" என்று சொல்வது பெண்பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சல். இரண்டு பக்கமும் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம். நன்றாக இருந்தது நாங்கள்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் திண்டிவனம். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆவதற்குள் விழுப்புரம் மண்டியில் வேலை கிடைத்தது. பத்தாவது வரை படித்தவன், கணக்கு வரும், மல்லாட்டையைக் கையில் எடுத்தாலே ஈரம் எவ்வளவு என்று தெரியும். மண்டிக்கு வேறு என்ன வேண்டும்?

புறப்படும் அன்று பெரிய அண்ணன், "மாசத்துக்கு எவ்ளோ அரிசிடா வேணும்? சொல்லு, நானே கொண்டாந்து போட்டுட்றேன்" என்றான். எனக்கு என்ன தெரியும்? இருபது பேர் சாப்பிடுகிற வீட்டில் ஒரு ஆள் எவ்வளவு சாப்பிடுகிறான் என்று யாராவது அளந்தார்களா? மூலையில் ஒரு மண்ணெண்ணெய் டின், சாம்பல் போட்டுக் கழுவிக் காயவைத்தது, இருந்தது. அதைக் காலால் தட்டி, "ஒரு டின்னு போதும்ணா. நாங்க ரெண்டு பேருதான" என்றேன். அண்ணனுக்குச் சுமை கொடுக்காத பெருந்தன்மை என் குரலில் இருந்தது. பக்கத்தில் நின்ற என் மனைவி டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளைக் கேட்டிருக்கலாம். ஆறு மாதமாக அந்த வீட்டில் உலை வைத்தவள் அவள். எனக்குத் தோன்றவே இல்லை.

விழுப்புரத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே அறை. நீளமான ஓட்டு வீட்டை ஆறாகத் தடுத்து ஆறு போர்ஷன். எல்லாருக்கும் நடுவில் ஒரு முற்றம், ஒரு கிணறு. அறையின் ஒரு மூலையில் அடுப்பு, எதிர் மூலையில் பெட்டி, நடுவில் சாப்பாடும் படுக்கையும். பக்கத்துப் போர்ஷனில் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளை பனியனோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எனக்கு அவரைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் ஆசை.

அதனால் என்னை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். வேப்பங்குச்சியை விட்டுப் பல்பொடிக்கு வந்தேன். மண்டியில் "வந்துக்கினு, போய்க்கினு" என்று வாய் தவறினால் நாக்கைக் கடித்துக்கொள்வேன். தட்டில் கை கழுவுவதை விட்டு முற்றத்துக்குப் போய்க் கழுவக் கற்றுக்கொண்டேன். காலையில் கேப்பைக் கூழ் குடிக்காமல் என்னால் இருக்க முடியாது என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். விழுப்புரத்தில் ஒரே வாரத்தில் விட்டுவிட்டேன். மண்டிக்குப் பக்கத்து காபி கிளப்பில் இரண்டு இட்லி, ஒரு காபி. பெரிய மனுஷன் ஆகிவிட்டதாக நினைப்பு.

நான் விட்டதோடு போகவில்லை. அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த கேப்பை மாவை எடுத்து ஒரு நாள் காலையில் துழாவிக்கொண்டிருந்தாள். "ஏமே, இங்கெல்லாம் கூழு காய்ச்சாத. அக்கம்பக்கத்துல பாத்தா காட்டாளுன்னு நெனைப்பாங்க" என்றேன்.

"எனக்குத்தாங்க. ஒரு சொம்பு குடிச்சா மத்தியானம் வரைக்கும் தாங்கும்."

"அதெல்லாம் வாணாம். சோறு துன்னு."

அவள் கரண்டியை எடுத்துவிட்டாள். மாவு பானையில் அப்படியே கிடந்து வண்டு வைத்தது. ஒரு நாள் அவளே கோழிக்குப் போட்டாள். நான் கிளப்பில் இட்லி தின்றுகொண்டு, அவளுடைய காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன். இவ்வளவையும் நாகரிகத்துக்காக மாற்றிக்கொண்டவன், ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வயிறு நிறையும்வரை "போடு" என்பேன். நிறைந்ததும் எழுந்துவிடுவேன்.

நாங்கள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் மத்தியானம் மண்டியிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அவள் சோற்றை வடித்து நிமிர்த்தினாள். நிமிர்த்தியவள் எனக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு அலுமினியக் கிண்ணத்தை எடுத்து, இரண்டு கரண்டி சோற்றை அதில் வைத்து, ஒரு தட்டால் மூடி அடுப்புக்குப் பின்னால் தள்ளினாள். ஏதோ தினமும் செய்கிற வேலைபோல, கை தானாகச் செய்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடியம்மா! புருஷனுக்குப் போட்றதுக்கு முந்தியே உனக்கு எடுத்து வச்சிக்கினியா? அவ்ளோ பசியா?" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. கிண்ணத்தை எடுத்து, சோற்றைத் திரும்பப் பானையில் கொட்டினாள். அதிலிருந்துதான் எனக்குப் போட்டாள். நானும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூட ஒருவேளை ஆறிப்போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரயில்வேக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரோடு பேச எனக்கு விஷயம் வேண்டியிருந்தது. "எங்க வீட்டுல மொதப் பந்தி பொம்பளைக்குத்தான் சார்" என்று ஆரம்பித்து, கிண்ணத்தை எப்படி மூடினாள், எப்படி அடுப்புக்குப் பின்னால் தள்ளினாள் என்று நடித்தே காட்டினேன். அவர் சிரித்தார். அவர் சம்சாரம் சிரித்தாள். ஆறு போர்ஷனும் சிரித்தது. என் மனைவி கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். அன்றைக்கு எல்லாரும் என்னைத் தமாஷான ஆள் என்று சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கிண்ணத்தைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். பிறகு அது கீழே இறங்கி நான் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அண்ணன் ஒலக்கூரில் பாசஞ்சர் ரயில் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, தலையில் சாக்கோடு வருவான். டின் அன்றைக்குச் சரியாகக் காலியாகி இருக்கும். அவன் அதில் அரிசியைக் கொட்டிவிட்டு, ஒரு வாய் காபி குடித்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போவான். "ஒரு மணி கூட கொறையும் ஆவாம மிச்சமும் ஆவாம ஓட்டுறாளே, கெட்டிக்காரிதான்" என்று நான் பெருமையாகச் சொல்வேன். அண்ணனும் தலையாட்டுவான்.

நான் சாப்பிட்டு எழுந்து முற்றத்தில் கை கழுவும்போது உள்ளே பானையைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்கும். பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள், சுறுசுறுப்பானவள் என்று நினைத்துக்கொள்வேன். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு அவள் குடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அவளுக்குக் கஞ்சி பிடிக்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்துவிட்டாள். ரயில்வேக்காரர் சம்சாரம்தான் தூக்கி உட்காரவைத்தாள். நான் வந்து, "வெயிலு. டவுன் தண்ணி வேற ஒத்துக்கல" என்று வைத்தியர்போலச் சொன்னேன். மணிக்கட்டு வளையல் முழங்கை வரைக்கும் ஏறும் அளவுக்குக் கை இளைத்திருந்தது. மண்டியில் எடை பார்க்கிற கண் அதையும் பார்த்தது. பார்த்து என்ன?

அந்த இரண்டு வருஷத்துக்குள்ளேயே அவள் உண்டானாள். ஏழாவது மாதம் வளையல் போட்டு, திண்டிவனத்துக்கு அழைத்துப்போக அவள் அம்மா வந்துவிட்டாள். கிளப்புச் சாப்பாடு இரண்டு வேளையும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. நானே பொங்கிக்கொள்கிறேன் என்றேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "வேளைக்கு எவ்ளோ அரிசி போட்றது?" என்று கேட்டேன்.

"ரெண்டு ஆழாக்குப் போடுங்க. உங்களுக்குச் சரியா இருக்கும்" என்றாள். அரிசி அளக்கிற ஆழாக்குக் குவளை டின்னுக்குள்ளேயே கிடந்தது.

அவள் சொன்னபடி போட்டேன். முதல் இரண்டு நாள் குழைந்தது, மூன்றாம் நாளிலிருந்து வந்துவிட்டது. சொல்லி வைத்ததுபோல இரண்டு ஆழாக்கு என் வயிற்றுக்கு அளவாக இருந்தது. பானையில் ஒரு பருக்கை மிச்சம் ஆகாது. எனக்கு என் சமையல் மேல் பெருமை. மண்டியில் வேறு அதைச் சொல்லி ஜம்பம் அடித்தேன். மாதம் முடிந்து அண்ணன் சாக்கோடு வந்த அன்று, டின்னைத் திறந்து கவிழ்த்துக் காட்டினேன்.

"பாருண்ணா. அவ இல்லாமலே எப்பிடி ஓட்டினேன் பாரு. மிச்சமும் இல்ல, கொறையும் இல்ல."

அண்ணன் சாக்கைப் பிரித்துக்கொண்டே சிரித்தான். "ரெண்டு பேரு துன்னப்பவும் ஒரு டின்னு. ஒண்டியாளு துன்னாலும் ஒரு டின்னா? நல்லாத் துன்றடா நீ!"

தமாஷாகத்தான் சொன்னான். அவனும் என்னைப்போலத்தான், பானையைப் பார்க்காதவன். அரிசியைக் கொட்டினான், காபி குடித்தான், ரயிலுக்குப் போனான். நான் வாசல்வரைகூடப் போகவில்லை. டின்னுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கு வருகிறவன் நான். இரண்டு வேளைக்கு நாலு ஆழாக்கு. மாதத்துக்கு இவ்வளவு. அது ஒரு டின். அந்த ஒரு டின்னை நான் ஒருவனே தின்றுவிட்டேன், இந்த மாதம் மட்டும் இல்லை, இருபத்து நாலு மாதமும் தின்றிருக்கிறேன். அப்படியானால் அவள் என்ன சாப்பிட்டாள்? எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் அவளுக்கு என்று ஒரு பிடி வரவில்லை. நான் என்றைக்காவது உடம்பு சரியில்லாமல் குறைத்துச் சாப்பிட்டிருந்தால் அது. கல்யாணம், சாவு என்று நான் வெளியில் சாப்பிட்ட வேளைகள் இருந்தால் அது. பானை அடியில் ஒட்டியது. கஞ்சி. அதில்தான் அவள் இரண்டு வருஷம் இருந்திருக்கிறாள். அதில்தான் ஏழு மாதம் பிள்ளையையும் சுமந்திருக்கிறாள்.

நிமிர்ந்தபோது ஆணியில் அந்தக் கிண்ணம் தெரிந்தது. உள்ளே ஒட்டடை கட்டியிருந்தது.

அப்போதுதான் வேறொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் வீட்டில் சமையலறைக்குள், நெல் குதிருக்குப் பின்னால், ஒரு மண்சட்டி எப்போதும் மூடி வைத்திருக்கும். சின்ன வயதில் ஒரு நாள் அதைத் திறந்து, நல்ல சோறு இருப்பதைப் பார்த்து, "இது யாருக்கும்மா?" என்று கேட்டேன். "நாய்க்கு" என்றாள் அம்மா. நானும் நம்பினேன். எங்கள் வீட்டு நாய் ஒரு நாளும் நெல்லுச்சோறு தின்றதில்லை. எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அம்மா தனக்கும் மருமகள்களுக்கும் கொஞ்சம் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாள். வந்த மருமகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்த வேலை அதுவாகத்தான் இருந்திருக்கும். எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் அந்தச் சட்டியால்தான் உயிரோடு இருந்தார்கள். ஆனால் அதற்கு ஒரு சுவர் வேண்டும். விழுப்புரத்தில் எங்கள் அறைக்கு நடுவில் சுவர் இல்லை. அடுப்புக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். நான் பார்த்தேன், சிரித்தேன், ஊரைக் கூட்டிச் சிரிக்கவைத்தேன். என் பழக்கத்தை ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து, அவள் பழக்கத்தை ஒரே நாளில் பிடுங்கிவிட்டேன்.

அன்று மண்டிக்குப் போகவில்லை. சோறு பொங்கவும் இல்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்? அவள் திண்டிவனத்தில் இருந்தாள்.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வழி முழுக்க வார்த்தைகளைத் தேடிக்கொண்டே போனேன். "தெரியாமப் பண்ணிட்டேன்" என்பதா? எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டால்? "மன்னிச்சிக்க" என்பதா? எங்கள் பக்கத்தில் புருஷன் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மயிலத்துக்கு வந்தபோது ஒரு மாதிரி பேச்சு தயாராகிவிட்டது. திண்டிவனத்தில் இறங்கும்போது அது பாதியாகிவிட்டது.

மாமியார் வீட்டில் யாரும் வாசலில் இல்லை. உள்ளே போனேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. என் மனைவி சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, மடிக்கு முன்னால் பெரிய தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு, கருவாட்டுக் குழம்பு. அவள் அம்மா பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டே இருந்தாள். கவளம் கவளமாக, தலையை நிமிர்த்தாமல், விரலை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். கல்யாணம் ஆகி இரண்டரை வருஷத்தில் அவள் சாப்பிடுவதை அன்றுதான் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் கை நின்றுவிட்டது. முந்தானையை இழுத்துத் தட்டை மூடினாள்.

திருட வந்தவனைப் பார்த்துவிட்டு மூடியதுபோல இருந்தது எனக்கு. "நீ துன்னு, நீ துன்னு" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். தயார் செய்த பேச்சு அதோடு போயிற்று. சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

குழந்தை நாள் கணக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண். தகவல் வந்து நான் போனபோது பழந்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். தூக்கப் பயமாக இருந்தது. தூக்கினேன். எவ்வளவு எடை என்று என் கை என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அந்த எண்ணை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

மாமியார் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக் கேட்டாள். "ஏண்டி, கோழிக்குஞ்சாட்டம் பெத்து வச்சிருக்கியே. அங்க இருந்தப்ப என்னாத்தடி துன்ன?"

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். என் மனைவி குழந்தையின் காலைத் துணிக்குள் தள்ளி மூடினாள். "நல்லாத்தாம்மா துன்னேன். அவரு ஒண்ணும் கொறை வைக்கல" என்றாள்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். வாய் திறந்தால் போதும், மாமியார் இரண்டு வார்த்தை திட்டியிருப்பாள், நானும் வாங்கிக்கொண்டிருப்பேன், கணக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும். நான் குழந்தையைக் கொடுத்துவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் எனக்காகச் சொன்ன பொய்யைக் குளிருக்குக் கிடைத்த போர்வைபோல இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

குழந்தை தப்பியது. மாமியார் கையில் வைத்து வளர்த்தாள். ஐந்து மாதம் கழித்துத் தாயும் பிள்ளையும் விழுப்புரம் வந்தார்கள். அதற்குள் நான் அண்ணனிடம் சொல்லி இரண்டு டின் ஆக்கியிருந்தேன். கேப்பை மாவும் வரவழைத்தேன். "காத்தால கூழு காய்ச்சு. எனக்கு கிளப் இட்லி ஒத்துக்கல" என்றேன். இதைச் சொல்லும்போதுகூட எனக்காக என்றுதான் சொல்ல வந்தது, பாருங்கள்.

சாப்பாட்டில் "போதும்" என்று சொல்லப் பழகினேன். பார்க்க எளிது. முப்பது வயது வரை சொல்லாத வாய்க்கு அது பெரிய பாடு. இரண்டாவது தரம் அவள் கரண்டியோடு வரும்போது கையைக் குறுக்கே நீட்டித் தட்டை மறைப்பேன். பசி இருக்கும்போதும் மறைத்தேன். சாப்பிடுவதற்கு முன்னால் கிணற்றடிக்குப் போய், கால் கழுவுகிறேன் என்று வெகுநேரம் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். அவள் கிண்ணத்தில் எடுத்துவைத்துக்கொள்ளட்டும் என்று. ரயில்வேக்காரர் ஒரு நாள், "என்ன சார், காலைத் தேய்ச்சே கரைச்சிடுவீங்க போலிருக்கே" என்றார். திரும்பி வந்து ஆணியைப் பார்ப்பேன். கிண்ணம் அங்கேயே தொங்கும். அவள் அதை எடுக்கவில்லை.

ஆனால் கை தேறிற்று. கன்னம் தேறிற்று. வளையல் மணிக்கட்டிலேயே நின்றது. அதைப் பார்த்து, சரி, சொல்லாமலே சரிசெய்துவிட்டோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அறுபதுகள் பாதி போய்விட்டன. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, வேண்டியதைக் கேட்டு வாங்கி, வேண்டாததைத் தள்ளிவைத்தாள். அவளுக்கு என் பழைய பழக்கம் எதுவும் தெரியாது.

முதலாளி திண்டிவனத்தில் ஒரு கிளை மண்டி திறந்து என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வீட்டைக் காலி செய்யும் அன்று காலை, மகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். சாமான்களை மண்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக அரிசி டின்கள் இரண்டும் இருந்தன. பழைய டின்னை என் மனைவி கவிழ்த்து, அடியைத் தட்டித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் இல்லாதப்ப இந்த டின்னு காலியான அன்னிக்கி உங்களுக்குத் தெரிஞ்சிது இல்ல?"

"என்னாது?" என்றேன், தெரியாதவன்போல.

"புள்ளையத் தூக்கினு வந்தேனே, அன்னிக்கே எனக்குத் தெரியும். ரெண்டாந்தரம் போட வந்தேன், கைய வச்சி மறைச்சீங்க. அதுக்கு முந்தி ஒரு நாளாச்சும் மறைச்சிருக்கீங்களா?"

அவள் குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை. துணியை மடித்து டின்னுக்குள் போட்டாள்.

"சரி, சொல்லுவாரு, இன்னிக்கி சொல்லுவாரு, நாளைக்கி சொல்லுவாருன்னு பாத்துக்கினே இருந்தேன். புள்ளையே இஸ்கூலுக்குப் போவுது. பழக்கத்த எல்லாம் மாத்திக்கினீங்க, நல்லதுதான், இல்லன்னு சொல்லல. ஆறு வீடு கேக்கறாப்ல சிரிச்சீங்களே, அந்த வாயால எங்கிட்ட ஒரு வார்த்த வரலியே."

சொல்லியிருக்கலாம். அவளே கதவைத் திறந்து வைத்து நின்றாள். ஒரு வார்த்தைதான் கேட்டாள். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"லாரிக்காரரு கத்தறாரு. ஜல்தி ஆவட்டும்" என்றேன்.

அவள் டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆணியிலிருந்த கிண்ணத்தை எடுக்கத் திரும்பி வந்தாள். அதை லாரியில் போடவில்லை. தன் துணிப்பையில் வைத்துக்கொண்டாள்.

திண்டிவனத்தில் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது தனி வீடு. நான் வீட்டுக்காரரிடம் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒன்றையும் கேட்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்தாள்.

அன்று மத்தியானமே அடுப்பு மூட்டினாள். மகள் அலைச்சலில் தூங்கிப்போயிருந்தாள். நான் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சோறு வடியும் சத்தம் கேட்டது. பானையை நிமிர்த்தும் சத்தம். கரண்டி இரண்டு தரம் பானையில் இறங்கி ஏறியது. பிறகு கிண்ணத்தின் மேல் தட்டை வைத்து மூடும் சத்தம், மெதுவாகத்தான், ஆனால் எனக்குக் கேட்டது.

வீட்டில் இரண்டு டின் அரிசி இருந்தது. நான் அரை வயிற்றில் எழுந்துகொள்கிற ஆளாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அப்படியும் அவள் ஒளித்துவைத்தாள்.

கதவு திறந்தது. "சாப்பிட வாங்க" என்றாள்.

நான் கை கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.